எம்கேட்டில் நல்ல மார்க், ஆனாலும் சீட் இல்லை: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் 'கிளினிக்கல் அனுபவம்' என்றால் என்ன?

"பிள்ளைக்கு மார்க் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் மெடிக்கல் சீட் கிடைக்கல?" அமெரிக்காவில் பேரப்பிள்ளைகள் இருக்கும் தாத்தா பாட்டிகள் கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஃபோனில் கேட்கும் கேள்வி இது. நீட் கட்-ஆஃபைப் பார்த்தே பழகியவர்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால், அமெரிக்காவில் மார்க் என்பது வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும்.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்கு ஆண்டுதோறும் சுமார் 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். சேருபவர்கள் சுமார் 23,000 பேர். எம்கேட் நுழைவுத் தேர்வின் உச்ச மதிப்பெண் 528. அதில் 517-க்கு மேலும், கல்லூரிப் பாடங்களின் சராசரியான ஜிபிஏவில் 4-க்கு 3.8-ம் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள்தான் அங்கே முதல் வரிசை மாணவர்கள். அவர்களிலும் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைப்பதில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏஏஎம்சி வெளியிடும் அட்டவணைகளே இதைக் காட்டுகின்றன.

மிச்சத்தைத் தீர்மானிப்பவை பல. கட்டுரை, பரிந்துரைக் கடிதம், ஆராய்ச்சி, சமூக சேவை, நேர்முகம் என்று பட்டியல் நீளும். அவற்றில் இவ்வளவு குழப்பத்தையும் இவ்வளவு பதற்றத்தையும் உண்டாக்குவது 'கிளினிக்கல் அனுபவம்'. அது என்ன, எவ்வளவு வேண்டும், நேர்முகத்தில் அதை வைத்து என்ன கேட்பார்கள்?

முதலில், சேர்க்கை எப்படி நடக்கிறது?

இங்கே பிளஸ் டூ முடித்ததும் எம்பிபிஎஸ். அங்கே முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம். எந்தப் பாடத்தில் பட்டம் என்பது பெரிய விஷயமில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற அடிப்படைப் பாடங்களை முடித்திருந்தால் போதும். அதன் பிறகுதான் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு.

பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு 'ஏஎம்கேஸ்' என்ற பொது விண்ணப்பம். மே மாதம் திறக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கல்லூரியும் தனியாக இரண்டாம் கட்டக் கேள்விகளை அனுப்பும். அதையும் தாண்டியவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் நேர்முகத்துக்கு அழைக்கும். நேர்முகம் இல்லாமல் சீட் இல்லை.

பொது விண்ணப்பத்தில் 'செய்த வேலைகளும் செயல்பாடுகளும்' என்ற பகுதி உண்டு. அதிகபட்சம் 15 பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, எத்தனை மணி நேரம், யாரிடம் விசாரிக்கலாம் என்ற விவரம், 700 எழுத்துருக்களுக்குள் ஒரு விளக்கம். அவற்றில் மூன்றை 'மிகவும் முக்கியமானவை' என்று குறித்து, அவற்றைப் பற்றி இன்னும் 1,325 எழுத்துருக்கள் எழுதலாம். கிளினிக்கல் அனுபவம் வந்து உட்காரும் இடம் இதுதான்.

எது கிளினிக்கல், எது இல்லை?

இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதுதான் பலரும் முதலில் குழம்பும் இடம்.

முதல் வகை, ஷாடோயிங். டாக்டரின் நிழல் மாதிரி பின்னாலேயே நின்று பார்ப்பது. புறநோயாளிப் பிரிவிலோ, ரவுண்ட்ஸிலோ, அனுமதி இருந்தால் ஆபரேஷன் தியேட்டரிலோ வேடிக்கை பார்க்கலாம். எதையும் தொடக் கூடாது. டாக்டரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது இதில் தெரியும்.

இரண்டாவது வகை, நோயாளியோடு நேரடியாகப் பழகுவது. சம்பள வேலையாகவும் இருக்கலாம், தொண்டாகவும் இருக்கலாம். பரவலாகச் செய்யப்படுபவை இவை:

* ஈஎம்டி: ஆம்புலன்ஸில் போகும் அவசர உதவியாளர். பொதுவாக 150 மணி நேரத்தை ஒட்டிய பயிற்சியும் சான்றிதழ்த் தேர்வும் உண்டு.
* சிஎன்ஏ: மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் நோயாளியைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்க வைக்கும் செவிலிய உதவியாளர். மத்திய அரசு விதிப்படி குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி.
* ஸ்கிரைப்: டாக்டர் நோயாளியிடம் பேசும்போது பக்கத்தில் இருந்து குறிப்புகளைக் கணினியில் ஏற்றுபவர்.
* ஹாஸ்பிஸ் தொண்டர்: வாழ்வின் கடைசி நாட்களில் இருப்பவர்களுடன் உட்கார்ந்து பேசுபவர், படித்துக் காட்டுபவர், சும்மா கூட இருப்பவர்.

மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நடந்தது என்பதாலேயே ஒரு வேலை கிளினிக்கல் ஆகிவிடாது. வரவேற்பறையில் வழி காட்டுவது, ஃபைல் அடுக்குவது, ஆய்வகத்தில் எலிகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி எல்லாம் நல்ல அனுபவங்களே. ஆனால், வேறு தலைப்பில் வரும். 'நோயாளியின் வாசனை படும் தூரத்தில் இருந்தால்தான் கிளினிக்கல்' என்று அமெரிக்காவில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சோதித்துப் பார்க்க அது போதும்.

எத்தனை மணி நேரம் வேண்டும்?

எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான குறைந்தபட்சக் கணக்கு கிடையாது. ஆலோசகர்கள் 100, 200, 500 என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஷாடோயிங் மட்டும் 40, 50 மணி நேரம் இருந்தால் போதும் என்பது பொதுவான பேச்சு. சில கல்லூரிகள் தாங்கள் எதிர்பார்ப்பதைத் தங்கள் இணையதளத்திலேயே எழுதிவிடுகின்றன; முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மொத்தத்தைவிட முக்கியம், அது எப்படிச் சேர்ந்தது என்பது. வாரம் 4 மணி நேரம் ஒரே வார்டுக்கு இரண்டு ஆண்டு போன மாணவிக்குச் சுமார் 400 மணி நேரம் சேரும். கோடை விடுமுறையில் மூன்று வாரம் முழுநேரமாகப் போனவருக்கு 120 மணி நேரம் சேரும். முன்னவர் பரீட்சை நேரத்திலும், மழையிலும், பனியிலும், 'இன்னிக்கு வேண்டாமே' என்று தோன்றிய நாளிலும் போயிருக்கிறார் என்பதைத் தேதிகளே சொல்லிவிடும். விண்ணப்பிப்பதற்குச் சற்று முன்னால் மட்டும் மணிக்கணக்கு திடீரென்று ஏறியிருந்தால், அதையும் தேதிகள் சொல்லிவிடும்.

கூட்டி எழுதினால்? ஒவ்வொரு பதிவிலும் தொடர்புக்கு ஒருவரின் பெயர் இருக்கிறது, கல்லூரி விசாரிக்கலாம். பொய் என்று தெரிந்தால் அந்தப் பதிவு மட்டும் போகாது, மொத்த விண்ணப்பமும் போய்விடும்.

இதை ஏன் கேட்கிறார்கள்?

படிப்பு நான்கு ஆண்டு. அதன் பிறகு பிரிவைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டு ரெசிடென்சி. கடன் வாங்கிப் படிப்பவர்கள் பட்டம் பெறும்போது தலையில் இருக்கும் கல்விக் கடன், நடுமதிப்பில் சுமார் 2 லட்சம் டாலர். பாதி வழியில் 'எனக்கு இது ஒத்துவராது' என்று ஒருவர் உணர்ந்தால், அவருக்கும் நஷ்டம், அந்த இடத்துக்காகக் காத்திருந்தவருக்கும் நஷ்டம்.

எனவே, கல்லூரி தெரிந்துகொள்ள விரும்புவது எளிமையான ஒன்று: நீங்கள் கேட்கும் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ரத்தம், மலம், சீழ், கோபத்தில் கத்தும் உறவினர், இரவு மூன்று மணி அழைப்பு, எவ்வளவு செய்தும் பிழைக்காத நோயாளி, இதையெல்லாம் பார்த்த பிறகும் வேண்டும் என்கிறீர்களா? எம்கேட் தாளில் இதற்குப் பதில் இருக்காது.

நேர்முகத்தில் என்ன நடக்கும்?

வழக்கமான நேர்முகத்தில் ஆசிரியர் ஒருவரோ இருவரோ அரை மணி நேரத்துக்கு மேல் பேசுவார்கள். சில கல்லூரிகளில் கேட்பவர் கையில் முழு விண்ணப்பமும் இருக்கும்; சிலவற்றில் மார்க்கைக்கூடக் காட்ட மாட்டார்கள். கிளினிக்கல் அனுபவம் அங்கே இப்படித்தான் வரும்:

"ரெண்டு வருஷம் ஹாஸ்பிஸ்ல இருந்திருக்கீங்க. மனசுல நிக்குற ஒரு நோயாளியைப் பத்திச் சொல்லுங்க."

"நர்ஸ் ஆகலாமே, அவங்கதானே நோயாளி கூட அதிக நேரம் இருக்காங்க? ஏன் டாக்டர்தான் ஆகணும்?"

"நீங்க பார்த்த டாக்டர்கள் செஞ்சதுல உங்களுக்குப் பிடிக்காதது எது?"

இரண்டாவது கேள்வியில் தடுக்கி விழுபவர்கள் நிறைய. நர்ஸ் என்ன செய்கிறார், டாக்டர் என்ன செய்கிறார், எந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்பதை வார்டில் நின்று பார்த்தவரால்தான் நர்ஸைத் தாழ்த்தாமல் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

முதல் கேள்விக்கு இரண்டு பதில்களைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒருவர், "கருணை எவ்வளவு முக்கியம் என்பதைக் கற்றுக்கொண்டேன், நோயாளிகளுக்கு உதவுவது எனக்கு மிகவும் பிடிக்கும்" என்கிறார். இன்னொருவர் இப்படிச் சொல்கிறார்: "ஒரு தாத்தாவுக்குச் சாப்பாடு ஊட்டுவேன். வாயையே திறக்க மாட்டார். அடம்பிடிக்கிறார்னுதான் நெனச்சேன். நர்ஸ் வந்து பார்த்துட்டு, பல்செட் பொருந்தாம ஈறு புண்ணாகியிருக்குன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் யாரு 'வேண்டாம்'னாலும், ஏன்னு கேக்க ஆரம்பிச்சேன்."

முதலாமவர் 600 மணி நேரமும் இரண்டாமவர் 150 மணி நேரமும் எழுதியிருக்கலாம். நேர்முக அறையில் எடுபடுவது இரண்டாவது பதில்தான். மணிக்கணக்கு நேர்முகம் வரை கொண்டுவந்து விடும். உள்ளே நுழைந்த பிறகு, அந்த மணிகளில் என்ன கவனித்தீர்கள் என்பதுதான் பேச்சு.

நேர்முகத்தை நம்பலாமா?

இந்தக் கேள்வி அமெரிக்காவிலேயே பலமாக எழுந்திருக்கிறது. 1979-இல் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, நேர்முகத் தரவரிசைப்படி தன் 150 இடங்களுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. அதன் பிறகு மாநிலச் சட்டமன்றம், இன்னும் 50 பேரைச் சேர்த்தாக வேண்டும் என்றது. அப்போது மிச்சமிருந்தவர்கள் தரவரிசையின் அடியில் கிடந்தவர்கள். வேறு வழியின்றி அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள்.

இரு தரப்பும் பிறகு எப்படிப் படித்தார்கள் என்று ஒப்பிட்ட ஆய்வு 1987-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. படிப்பிலும் சரி, பட்டத்துக்குப் பிந்தைய முதலாண்டுப் பயிற்சியிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. நேர்முகம் செய்தவர்களின் அபிப்பிராயம்தான் அவர்களை அடியில் தள்ளியிருந்தது.

இதுபோன்ற சந்தேகங்களுக்கு ஒரு பதிலாகக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது 'எம்எம்ஐ' என்ற பல குறுநேர்முக முறை. 2004-இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஒரே ஆளிடம் நீண்ட நேரம் பேசுவதற்குப் பதில், வரிசையாக ஆறு முதல் பத்து அறைகள். கதவில் ஒட்டிய சூழலை இரண்டு நிமிடம் படித்துவிட்டு உள்ளே போக வேண்டும். சில நிமிடம் பேச்சு. மணி அடித்ததும் அடுத்த அறை. ஒருவருக்குப் பிடிக்காமல் போனாலும் மொத்த வாய்ப்பும் போகாது. இன்று அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எங்கும் இது பரவியிருக்கிறது.

எம்எம்ஐ-யில் 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று நேரடியாகக் கேட்பது குறைவு. 'மருந்து வேண்டாம் என்று மறுக்கும் முதியவரிடம் பேசுங்கள்' என்பது மாதிரி சூழல் இருக்கும். வார்டில் பழகியவருக்கு அது கை கொடுக்கும். மனப்பாடப் பதில் கை கொடுக்காது.

ஊருக்கு வந்து செய்தால் கணக்கில் வருமா?

வரும், ஒரு எச்சரிக்கையுடன். விடுமுறைக்குத் தமிழ்நாடு வரும் பிள்ளைகள் மாமாவின் நர்சிங் ஹோமிலோ சித்தப்பாவின் கிளினிக்கிலோ சில வாரம் இருந்துவிட்டுப் போவது வழக்கம்தான். பார்த்ததோடு நிறுத்திக்கொண்டால் பிரச்சினையில்லை. "தம்பி, நீயே ஒரு தையல் போடு" என்று ஆசையாகக் கொடுப்பதை வாங்கிச் செய்துவிட்டு, அதைப் பெருமையாக விண்ணப்பத்தில் எழுதினால், பாதகமாகத் திரும்பும்.

பயிற்சி பெறாத ஒருவர் அமெரிக்காவில் செய்ய அனுமதியில்லாததை வெளிநாட்டில் ஏழை நோயாளிமேல் செய்து பழகக் கூடாது என்று ஏஏஎம்சி வழிகாட்டுதல் சொல்கிறது. நேர்முகத்தில் வரும் அடுத்த கேள்வி, "அந்த நோயாளியிடம் அனுமதி கேட்டீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். நோயாளியின் படத்தை எடுத்து சமூக வலைதளத்தில் போடுவதும் அப்படியே. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம் அங்கே 1996 முதல் இருக்கிறது. படிக்க வரும் முன்பே அந்த உணர்வு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

காசு இருப்பவர்களுக்கு மட்டும்தானா?

இந்த முறையின்மேல் வைக்கப்படும் கடுமையான விமர்சனம் இதுதான். சம்பளமில்லாமல் வாரம் 4 மணி நேரம் தொண்டு செய்ய, அந்த 4 மணி நேரத்தில் சம்பாதிக்கத் தேவையில்லாத வீடு வேண்டும். ஷாடோயிங்குக்கு ஒரு டாக்டரைப் பிடிக்க, குடும்பத்துக்குத் தெரிந்த டாக்டர் வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேருபவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர், நாட்டின் குடும்ப வருமானத்தில் மேல் 40 சதவீதத்தில் இருப்பவர்களின் பிள்ளைகள் என்று 2018-இல் ஏஏஎம்சியின் பகுப்பாய்வு காட்டியது. முப்பது ஆண்டுகளாக இது பெரிதாக மாறவில்லை.

கல்லூரிகளும் இதை உணராமல் இல்லை. கடையில் பில் போட்டது, படுக்கையில் கிடக்கும் பாட்டியைக் கவனித்துக்கொண்டது, தம்பி தங்கையை வளர்த்தது எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதலாம். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. சம்பளம் வரும் சிஎன்ஏ, ஈஎம்டி வேலைகள் கிளினிக்கல் அனுபவமாகவே எண்ணப்படுகின்றன. 'தொண்டு செய்தால்தான் மதிப்பு' என்று விதி எதுவும் இல்லை.

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் சிலருக்கு இதில் இன்னொரு சிக்கல். பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. ஆகவே சிஎன்ஏ, ஈஎம்டி சம்பள வேலைகளின் கதவு மூடியே இருக்கும். தொண்டும் ஷாடோயிங்கும்தான் வழி. 21 வயதானால் எச்-4 தகுதியும் போய்விடும். கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் வெளிநாட்டு மாணவராக விண்ணப்பிக்க வேண்டிவரும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதில்லை. அங்கேயே பிறந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

பிரிட்டன் இந்தப் பிரச்சினைக்கு வேறு வழி தேடியிருக்கிறது. அங்கும் யூகேட் தேர்வு, நேர்முகம் எல்லாம் உண்டு. ஆனால், அனுபவம் மருத்துவமனையில்தான் கிடைத்திருக்க வேண்டும் என்பதில்லை என்று மருத்துவக் கல்லூரிகளின் கவுன்சில் தெளிவாகச் சொல்கிறது. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகளுக்கான மையம், மக்களோடு பழகும் கடை வேலைகூடச் செல்லும். டாக்டர் சொந்தம் இல்லாதவர்களுக்காக 'அப்சர்வ் ஜிபி' போன்ற இலவச இணையவழி அனுபவத் திட்டங்களும் உள்ளன.

இந்தியாவில்?

எம்பிபிஎஸ் சேர்க்கையில் நீட் மதிப்பெண் மட்டுமே, நேர்முகம் இல்லை. எப்போதும் இப்படி இருந்ததில்லை. வேலூர் சிஎம்சி பல பத்தாண்டுகள் நுழைவுத் தேர்வோடு நேர்முகத்தையும் வைத்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்தது. நீட் வந்த பின், 2017-இல், எம்பிபிஎஸ்ஸின் 100 இடங்களில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துத் தன் எதிர்ப்பைக் காட்டியது. 2020 ஏப்ரல் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தனியார், சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

நேர்முகம் இல்லாததில் ஒரு நன்மை உண்டு: சிபாரிசுக்கும் முகத்தைப் பார்த்து எடை போடுவதற்கும் இடமில்லை. இழப்பும் உண்டு: வார்டு வாசலைக்கூட மிதிக்காத ஒருவர் எம்பிபிஎஸ்ஸில் சேர்ந்துவிட முடியும். அதை ஈடுகட்டத்தான் 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம், முதலாண்டிலிருந்தே மாணவர்களை நோயாளிகளிடம் அழைத்துப்போகச் சொல்கிறது.

முதுநிலைச் சேர்க்கையில் அனுபவத்துக்கு ஏற்கெனவே இடம் இருந்திருக்கிறது. தொலைதூர, கடினமான பகுதிகளில் பணியாற்றிய அரசு மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு 10%, அதிகபட்சம் 30% வரை ஊக்க மதிப்பெண் தர விதி இடம் தந்தது. அரசு மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கு அது. ஆனால், அங்கே எண்ணப்படுவது ஆண்டுகள்தான். அந்த ஆண்டுகளில் என்ன கற்றார் என்று யாரும் கேட்பதில்லை.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

* முதலாண்டிலேயே தொடங்குங்கள். வாரத்துக்குச் சில மணி நேரம் போதும்.
* ஒரே இடத்தில் நீண்ட நாள் இருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அங்குள்ளவர்கள் உங்களை அறிந்திருந்தால், பரிந்துரைக் கடிதமும் தானாக வலுப்பெறும்.
* ஷாடோயிங், நோயாளித் தொடர்பு இரண்டும் இருக்கட்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.
* பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதையும் நஷ்டமாக நினைக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டில் தெரிந்துகொள்வது, 2 லட்சம் டாலர் கடனோடு தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.
* போய்வந்த அன்றைக்கே நாலு வரி எழுதி வையுங்கள்: என்ன பார்த்தேன், எது புரியவில்லை, எங்கே சங்கடமாக இருந்தது. நோயாளியின் பெயர் வேண்டாம். விண்ணப்பப் படிவம் மூன்று ஆண்டு கழித்துத்தான் வரும். அப்போது மணிக்கணக்கை மருத்துவமனைப் பதிவேடு சொல்லிவிடும், மற்றதைச் சொல்ல இந்த நாலு வரிதான் இருக்கும்.